பத்தியில் தீ இல்லை

மனித இனம் நெருப்பைக் கண்டுபிடித்ததாகப் பெருமை பேசுகிறது. அது பெரிய காரியமில்லை. குகையில் இருந்தவனே செய்துவிட்டான். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்து, கோடு தாண்டாமல் அதன் வட்டத்தைக் கருப்பாக்குவதற்குத்தான் பண்பாடு வேண்டும்.

அந்தப் பண்பாட்டை ஒரு மெத்தைக் கடையின் மேல்மாடியில், ஒற்றை அறையில் வளர்த்துவந்தவர் 'இயக்குநர்'. அது சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கான பயிற்சி நிலையம். பாடம் நடத்துவதும் அவர், மணி அடிப்பதும் அவர், விளக்கை அணைப்பதும் அவர், ஆகவே இயக்குநர். பத்தியைப் படித்துக் கேள்விகளுக்கு விடையளிப்பது அவருடைய சிறப்புப் பாடம். அதற்கு அவர் வகுத்த சட்டம் ஒன்றே ஒன்று.

"பத்தியில இருக்கறது மட்டும்தான் உண்மை. உங்களுக்கா தெரிஞ்சதையெல்லாம் குடையோட சேர்த்து வெளியில வச்சுட்டு வாங்க."

பத்து மாணவர்களில் ஒன்பது பேர் அப்படியே வைத்துவிட்டு வந்தார்கள். பத்தாவது ஆளுக்கு ஆமை என்று பெயர். படிப்பதெல்லாம் அவனுக்குக் கண்ணில் தெரிந்து தொலைக்கும், அதனால் படிப்பு ஊர்ந்துதான் நகரும். ஒருமுறை ஒரு பத்தியில் தபால்காரர் ஒருவர் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தார்.

"அவருக்குக் கால் சரியாச்சா சார்?" என்று கேட்டான் ஆமை.

"கேள்வியில அது இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப அவரு கால் எப்படிப் போனா உனக்கென்ன? நீ படிக்கறடா. அதான் உன் வியாதி."

நியாயம் என்று ஒன்று இருப்பதாக ஆமை எங்கோ படித்திருந்தான். மெதுவாகப் படித்ததால் நம்பியும்விட்டான். அதனால்தான் வக்கீலாகும் ஆசை. ஏற்கெனவே இரண்டு முறை நுழைவுத் தேர்வில் கோட்டை விட்டாயிற்று. கீழே மெத்தைக் கடை வைத்திருப்பவர் அவன் அக்காவின் கணவர். அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள்: "இங்க வைக்கப்போற மாதிரித் தேர்வுல தேறினா மேல படி. இல்லைன்னா கீழ இறங்கி மாமாகூட மெத்தை தை."

மாதிரித் தேர்வு நாள் வந்தது. கேள்வித்தாள் 'கசிந்துவிடாமல்' இருக்க இயக்குநர் கதவை உள்பக்கம் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இடையில் எழுந்தவர் தேறாதவர் என்றும் அறிவித்தார். கட்டடங்களில் தீ விபத்தைத் தடுக்கும் சட்டம் பற்றியது அன்றைய பத்தி. புகையைக் கண்டவர் உடனே மற்றவர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். ஆள் இருக்கும் அறையைப் பூட்டிவைப்பது குற்றம். ஒன்பது பென்சில்கள் பறந்தன. ஆமை மட்டும் 'ஆள் இருக்கும் அறை' என்ற இடத்திலேயே தேங்கிப் பூட்டைப் பார்த்தான்.

மாடிப்படியில் தடதடவென்று ஓசை. யாரோ கதவை இடித்தார்கள். மாமாவின் குரல்.

"மாப்ளே! பத்திக்கிச்சு!"

இயக்குநர் கதவருகே போனார். "பத்திக்கு என்ன?"

"பத்திக்கிச்சுங்க!"

"அதான், எந்தப் பத்தி?"

"கீழ! கீழ பத்தி எரியுது!"

இயக்குநரின் முகம் மலர்ந்தது. "கேட்டீங்களா? 'ஆசிரியரின் தொனி என்ன?'ன்னு கேட்ட கேள்விக்குப் பஞ்சு அடைக்கற மனுஷன் விடையைப் பிடிச்சுட்டாரு. கீழ இருக்கற பத்தி, அதாவது கடைசிப் பத்தி, எரியுது. ஆசிரியருக்குக் கடுங்கோபம். விடை 'ஈ'."

ஒன்பது பேரும் நன்றியுடன் 'ஈ'யைக் கருப்பாக்கினார்கள்.

கதவிடுக்கில் புகை நுழைந்தது. முன்வரிசை மாணவி கை தூக்கினாள். "சார், இருமல் வருது. இருமிக்கலாமா?"

"பத்தியில யாராவது இருமறாங்களா?"

அவள் தேடிப் பார்த்து, அடக்கிக்கொண்டாள்.

ஆமை உட்கார்ந்தபடியே சொன்னான். "சார், புகை."

"நாலாவது வரியில இருக்கு. விடையை எழுது."

"இங்க சார், ரூம்ல."

"அது வெளித் தகவல்."

"உள்ள வந்துடுச்சே சார்! சாவியக் குடுங்க."

"சாவி என்கிட்ட இருக்குன்னு பத்தியில ஆதாரம் காட்டு, தர்றேன்."

ஆமை தன் விடைத்தாளைப் பார்த்தான். பாதி வட்டங்கள் இன்னும் வெள்ளை. எழுந்தால் தையல் ஊசிதான். எழுந்தான். பிறந்ததிலிருந்து முதன்முறையாக ஒரு காரியத்தை வேகமாகச் செய்தான். சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையைக் கழற்றினான். உள்ளே காலி, ஆனாலும் இரும்பு. ஓங்கி அடித்ததில் பூட்டு தெறித்தது. எல்லோரும் வெளியேறினார்கள், இயக்குநர் தலைமையில். மாமாவும் அக்கம்பக்கத்தாரும் வாளி வாளியாக ஊற்றி அணைத்தார்கள். நாலைந்து பஞ்சு மூட்டைகளோடு போயிற்று.

மறுநாள் விசாரணைக்கு ஒரு காவல்துறை அதிகாரி வந்தார். தனித்தனியே அழைத்துக் கேட்டார்: "கதவைப் பூட்டினது யாரு?"

ஒன்பது பேரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே பதில் சொன்னார்கள். "கொடுத்த பத்தியில அந்தத் தகவல் இல்ல சார்."

ஆமை சொன்னான்: "இயக்குநர் சார். நான் பார்த்தேன்."

அதிகாரி விடைகளை ஒப்பிட்டார். ஒன்பது ஒரு மாதிரி, ஒன்று வேறு மாதிரி. உதட்டைப் பிதுக்கினார்.

"சரி தம்பி, பூட்டை உடைச்சது யாரு?"

"நான்தான் சார்."

"அப்பாடா. ஒண்ணாவது தெளிவா இருக்கு" என்று எழுதிக்கொண்டார்.

ஆக, பூட்டியதற்குச் சாட்சி போதவில்லை. உடைத்ததற்கு ஒப்புதல் வாக்குமூலமே இருந்தது, வழக்குப் பதிவாயிற்று. வழக்கு உள்ளவன் சட்டம் படிக்க விண்ணப்பிக்கக் கூடாது என்பது கல்லூரியின் விதி. ஒன்பது பேரும் நுழைவுத் தேர்வில் அபாரமாகத் தேறிக் கல்லூரியில் சேர்ந்தார்கள்.

"உன்னாலதானேடா அதுங்க உசுரோட இருக்கு?" என்று அக்கா பொருமினாள். "ஒருத்தராவது வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?"

"கேட்ட கேள்வியில அது இல்லக்கா" என்றான் ஆமை, ஊசியில் நூல் கோத்தபடி.

பொதுமக்கள் கவலைப்பட வேண்டியதில்லை. சட்டம் இனிப் பத்திரமாக இருக்கும். வீடு பற்றி எரிந்தாலும் இடத்தைவிட்டு எழுந்திருக்காத ஒன்பது பேரிடம் அதை ஒப்படைத்திருக்கிறோம்.