மூட்டையில் வைக்கக் கூடாதது

தமௌலி,
புதன்கிழமை.

எல்லா நலமும் பெற்று நெடுநாள் இருக்க வேண்டிய மைத்துனன் ரிஷிராமுக்கு, உன் அக்கா வீட்டுக்காரன் ஹோம்நாத் எழுதுவது. இங்கே எருமை நலம், கூரை நலம், உன் அக்கா அம்பிகா போன வாரத்திலிருந்து எழுந்து சமைக்கிறாள். பொக்காராவில் உன் வீட்டாரின் நலம் அறிய ஆவல்.

ஜப்பான் போகும் முன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லலாம், ஆனால் வெளிநாடு என்ற பேச்சு காதில் விழுந்தாலே உன் அக்கா அடுப்பை விட்டு வந்து பக்கத்தில் நின்றுகொள்கிறாள். அதனால்தான் கடிதம். நம் குடும்பத்தில் ஐம்பத்தெட்டு வயதில் மலேசியா போய் நான்கே நாளில் திரும்பிய அனுபவசாலி நான் ஒருவன்தான், கேட்டுக்கொள்.

முதலில், பாஸ்போர்ட் உன் கையிலேயே இருக்கட்டும். சிரிக்காதே. மலேசியாவில் தொழிற்சாலையில் பலகை அடுக்கு சரிந்து தலையில் அடிபட்டு எங்கள் பிள்ளை சந்தேஷ் ஆஸ்பத்திரியில் கிடந்தான், அப்பா எப்போ வருவார் என்று ஒருமுறை கேட்டானாம், பிறகு பேச்சு இல்லை, சீக்கிரம் வாருங்கள் என்றார்கள். விசா கிடைத்தது, விமானம் சனிக்கிழமை மாலை. சனிக்கிழமை நம்மில் யாராவது பயணம் கிளம்புவார்களா? மூன்று வருஷத்துக்கு முன் அவனை நாள் பார்க்காமல் அனுப்பியவன் நான்தான், அந்தப் பயம் வேறு. பண்டிதரிடம் ஓடினேன். புதன் காலை ஏழு இருபதுக்கு மூட்டையை முன்னால் அனுப்பிவிடு, ஆளே கிளம்பிய மாதிரிதான் என்றார். உனக்குத் தெரிந்த வழக்கம்தானே. அரிசி, பாக்கு, நாணயம் வைத்துக் கட்டும்போது, பயணத்துக்கு முக்கியமான பொருள் ஒன்றும் இருக்கட்டும் என்றார். நானும் பாஸ்போர்ட்டை வைத்துக் கட்டி, ஓடைக்கு அந்தப் பக்கம் கோபால் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வெள்ளி சாயங்காலம் கோபாலின் அப்பா இறந்துவிட்டார். தொண்ணூற்றொரு வயது, இன்னும் இரண்டு நாள் பொறுத்திருக்கலாம். சனி காலை ஆறு மணிக்கு நான் போய் நின்றால், கோபால் தலையை மழித்து, வெள்ளை உடுத்தி, யாரும் தொடக்கூடாதபடி மூலையில் உட்கார்ந்திருக்கிறான். அவன் தலைக்கு நேர் மேலே என் மூட்டை.

"அண்ணே, நீங்களே எடுத்துக்குங்க. நான் எடுத்துக் குடுத்தா உங்களுக்கும் ஒட்டிக்கும்" என்றான். நான் வாசற்படியைத் தாண்டவில்லை. பண்டிதருக்கு ஆள் அனுப்பினேன். அவர் வந்து, "சாவு வீட்ல தொங்கின மூட்டையைத் தூக்கிக்கிட்டு, சாகக் கிடக்கிற பிள்ளைகிட்டயா போவ? திங்கட்கிழமை நல்ல நேரம் இருக்கு, புதுசா கட்டு" என்றார். திங்கட்கிழமை விமானம் இல்லையே என்றேன். இருக்கும் என்றார். இப்படியே மூன்று மணி நேரம் பேசினோம். கூட்டத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் கொக்கி வைத்து எடுக்கலாம் என்றார், கொக்கிக்குத் தீட்டு உண்டா என்று அதற்கும் ஒரு விவாதம் நடந்தது. கடைசியில் உன் அக்கா வந்தாள்.

"புள்ள அங்க மூச்சு விட்டுக்கிட்டிருக்கான். நீங்க இங்க தீட்டு பாத்துக்கிட்டு நிக்கிறீங்க."

"அவனுக்காகத்தான் பாக்கிறேன்" என்றேன். அவள் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போய் மூட்டையை இழுத்தாள், அரிசியெல்லாம் கோபால் தலையில் கொட்டியது. தீட்டுப் போகத் தங்கம் நனைத்த நீரைத் தெளித்துக்கொண்டு பத்து மணிக்குப் பஸ் ஏறினேன். வழியில் முக்லிங்கில் லாரி நெரிசல். நான் காட்மாண்டு போய்ச் சேர்ந்தபோது விமானம் போய் நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது.

அடுத்த இடம் திங்கட்கிழமைதான் கிடைத்தது. பண்டிதர் சொன்ன அதே நல்ல நேரம். சந்தேஷ் ஞாயிறு மதியமே போய்விட்டான். தீட்டுக்குப் பயந்து நின்ற நான் சொந்தத் தீட்டோடு விமானத்தில் உட்கார்ந்திருந்தேன், பக்கத்து ஆள் என் தோளில் சாய்ந்து தூங்கினான், யாரும் எதுவும் கேட்கவில்லை.

அப்புறம், பேனா கொண்டு போ, எல்லோரும் படிவம் கொடுப்பார்கள். அதில் வந்த காரணம் என்று ஒரு வரி இருக்கும்: சுற்றுலா, வியாபாரம், உறவினரைப் பார்க்க. நான் உறவினரைப் பார்க்க என்று குறித்தேன், பொய் ஒன்றும் இல்லை. நெய் கொண்டு போகாதே, பிடுங்கிக்கொள்வார்கள். சந்தேஷை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து இறங்கியதும் பெட்டிகள் சுற்றி வரும் பட்டை முன்னால் நின்றேன். எல்லோரும் எடுத்துக்கொண்டு போன பிறகும் நின்றேன். ஒரு போலீஸ்காரர் வந்து, என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து, "பெரியவரே, அது இங்க வராது, சரக்கு வாசலுக்குப் போங்க" என்றார். எனக்கு இதை முன்பே யாரும் சொல்லவில்லை, அதனால் உனக்குச் சொல்கிறேன்.

ஆகவே, நாள் பார்க்காதே, பண்டிதர் வீட்டுப் பக்கம் போகாதே, மூட்டை எதுவும் கட்டாதே. டிக்கெட்டில் போட்ட நாளில் கிளம்பு. நான் வாசற்படியில் நின்ற அந்த மூன்று மணி நேரம் என்னோடு போகட்டும். உனக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி, பெரியவர்களுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
ஹோம்நாத்

பி.கு.: உன் விமானமும் சனிக்கிழமை என்று உன் அக்கா இப்போதுதான் சொன்னாள். பண்டிதரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அடுத்த வார வியாழன் காலை ஒன்பது பத்துக்கு நேரம் நன்றாக இருக்கிறது. மூட்டையைக் கட்டி இங்கே அனுப்பு, காட்மாண்டு போகிற வழிதானே. பாஸ்போர்ட்டையும் வேண்டுமானால் வை. வேறு யார் வீட்டிலும் வைக்காதே, எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். இங்கே விழ வேண்டிய சாவு விழுந்துவிட்டது.