தனிப்புள்ளிக்கு இடமில்லை

எழுத்தை எழுத்தாகவே எழுதிக்கொண்டிருந்த அறியாமைக் காலம், ஒரு செவ்வாய்க்கிழமை தேநீர் இடைவேளைக்குப் பின் முடிவுக்கு வந்தது. அன்றுதான் 'பழம்புள்ளி' என்ற எழுத்துரு அவதரித்தது. அதை அவதரிக்க வைத்தவரை அலுவலகத்தில் பெரும்புள்ளி என்பார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு வாய் தவறி முகத்துக்கு நேராகவே வந்துவிட்டது. அவரும் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார்.

அந்தக் காலத்தில் ரசீது அடிக்கும் இயந்திரம் ஊசியால் குத்திக் குத்திப் புள்ளி புள்ளியாக எழுத்துப் போடுமே, அந்த அழகை உலகம் இழந்துவிட்டதே என்று அவருக்குத் தீராத துக்கம். அப்படி ஓர் இயந்திரத்தைக் காயலான் கடையில் வாங்கி, வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார். அது போடுகிற கூச்சலை அவர் கேட்டதே இல்லை. கேட்டவர்கள் யாருக்கும் அந்தத் துக்கம் இல்லை.

எழுத்துகளை வரைந்தது அவருக்குக் கீழே வேலை பார்த்த ஒரு பெண். அவளுக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்தது.

"சார், எல்லா எழுத்தும் புள்ளியாவே இருக்கு. மெய்யெழுத்து மேல வர்ற புள்ளி தனியா தெரியவே மாட்டேங்குது."

"அப்போ எடுத்துடு."

"எடுத்துட்டா எப்படி சார் படிக்கறது?"

"உடம்பு பூரா புள்ளி. தலையில வேற ஒண்ணு எதுக்கும்மா? படிக்கறவங்க உணர்ந்துக்குவாங்க."

இப்படியாக, மெய்யெழுத்தின் தலையில் காலங்காலமாகச் சும்மா உட்கார்ந்திருந்த புள்ளி, 'நெரிசல் குறைப்பு நடவடிக்கை'யின் கீழ்ப் பணிநீக்கம் செய்யப்பட்டது. எண்களுக்கு நடுவே வரும் தசமப் புள்ளிக்கும் அதே கதி. கூட்டத்தோடு இருந்தால்தான் புள்ளிக்கு அழகு, தனிப்புள்ளிக்கு நம்மிடம் இடமில்லை என்று சுற்றறிக்கையும் போனது.

முதல் வாடிக்கையாளர் ஒரு பல் மருத்துவர். அவர் வாசலில் 'பல மருததுவர' என்று பலகை ஏறியது. வயிற்றுவலிக்காரர், மூட்டுவலிக்காரர், அரிப்புக்காரர் எல்லோரும் உள்ளே நிறைய டாக்டர்கள் இருப்பதாக நம்பி வரிசையில் நின்றார்கள். வந்ததற்கு ஆளுக்கொரு பல்லையாவது காட்டிவிட்டுப் போனார்கள். பல் மருத்துவருக்கு வாயெல்லாம் பல்.

அந்தப் புகழ் ஊரின் பெரிய ஆஸ்பத்திரி நிர்வாகியின் காதுக்கு எட்டியது. பெயர்ப்பலகை முதல் மருந்துப் பாட்டிலில் ஒட்டும் சீட்டு வரை எல்லாம் பழம்புள்ளியாக வேண்டும் என்று கூட்டம் போட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். மருந்தகத் தலைவி மட்டும் மாதிரிப் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார்.

"இதுல ரெண்டரை மில்லின்னு இருக்கணும். ரெண்டுக்கும் அஞ்சுக்கும் நடுவுல புள்ளி எங்கே?"

"நடுவுல ஒரு மூச்சு விட்டிருக்கேன் மேடம். அந்த இடைவெளிதான் புள்ளி" என்றார் பெரும்புள்ளி.

"படிக்கறவங்க மூச்சு நின்னுடுமே சார்!"

நிர்வாகி மேசையைத் தட்டினார். "புள்ளிவிவரம் இருந்தா பேசுங்க. இந்த எழுத்தால இதுவரைக்கும் யாராவது செத்திருக்காங்களா?"

யாரும் செத்திருக்கவில்லை. எழுத்துருவுக்கே இன்னும் பால்மணம் மாறவில்லை. விவாதத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டதாகக் கூட்டக் குறிப்பில் பதிவாயிற்று. அச்சில் அந்தப் புள்ளியும் விழவில்லை.

பழம்புள்ளிக்கு விருது கொடுத்த அன்று பெரும்புள்ளியின் சின்ன மகளுக்குக் காய்ச்சல். மனைவி அதே ஆஸ்பத்திரியில் காட்டி மருந்து வாங்கிவந்து, விழா மண்டபத்தில் இருந்தவருக்குப் போன் செய்தாள்.

"என்னங்க, பாப்பாவுக்கு இருபத்தஞ்சு மில்லின்னு போட்டிருக்கு. அளவு மூடியில அஞ்சு தடவை ஊத்தணும். அவ்வளவா குடுப்பாங்க?"

"நம்ம எழுத்துலயா போட்டிருக்கு?" பெரும்புள்ளிக்கு நெஞ்சு விம்மியது.

"ஆமா."

"எப்படி இருக்கு?"

"எது?"

"எழுத்து!"

"அழகாத்தான் இருக்கு. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. எனக்குப் பயமா இருக்கு."

படம் எடுத்து அனுப்பச் சொன்னார். வந்ததை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். இரண்டின் வளைவை ரசித்தார், ஐந்தின் வயிற்றை ரசித்தார். நடுவில் தான் விட்ட மூச்சு மட்டும் கண்ணில் படவில்லை. "இருபத்தஞ்சுதான். குடு" என்று சொல்லிவிட்டு மேடையேறினார்.

குழந்தை வாந்தியெடுத்து, கண் சொருகி, அதே ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தது. வயிற்றைக் கழுவினார்கள், மூக்கில் குழாய் வைத்தார்கள். எப்படியோ பிழைத்துக்கொண்டது. அதில் எழுத்துருவுக்கு எந்தப் பங்கும் இல்லை.

நிர்வாகி உடனே விசாரணைக் குழு அமைத்தார். எழுத்து தெரிந்த நிபுணர் ஒருவர் வேண்டுமே என்று பெரும்புள்ளியையே அதில் உறுப்பினராகப் போட்டார். எழுத்துருவில் குறையில்லை, தாய் கவனக்குறைவாகப் படித்ததே காரணம் என்று குழு கண்டுபிடித்தது. அறிக்கையும் பழம்புள்ளியிலேயே அச்சாகி வந்தது.

மனைவி மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு குழுவின் முன் நின்றாள். "கவனிக்காமலா உங்களுக்குப் போன் பண்ணினேன்? குடுன்னு சொன்னது யாரு? இவங்ககிட்ட வாயைத் திறந்து சொல்லுங்களேன்!"

பெரும்புள்ளி வாயைத் திறக்கவில்லை. பேனாவைத்தான் திறந்தார்.

பழம்புள்ளியின் மகிமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பெற்ற மகளின் வாயில் விஷத்தை ஊற்றச் சொன்னவன், அந்தப் பழியை அவளைச் சுமந்து பெற்றவள் தலையில் கட்டிக் கையெழுத்துப் போடும்போதும், எழுத்து எவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தான்.