மெத்தை வியாபாரியின் அமினோ அமிலம்

சைக்கிள் ஓட்டுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஓட்டியதைப் பற்றிப் பேசியே கழுத்தறுப்பவர்களையும் பார்த்திருப்பீர்கள். இவர்களுக்கும் மேலே ஓர் இனம் உண்டு: ஓட்டும்போது தன் தொடைக்குள் என்ன நடக்கிறது என்று பேசுகிறவர். அமினோ அமிலக்காரர்.

துய்தாமா என்ற ஊரில் மெத்தைக் கடை வைத்திருக்கும் எவேலியோ சிபகாவுதா இந்த இனத்தில் முற்றிப் பழுத்தவர். மலையடிவாரத்து ஊரில் ஞாயிற்றுக்கிழமை யார்தான் சைக்கிள் மிதிக்கவில்லை? பாதிரியாரே மிதிக்கிறார். ஆனால் மிதித்து முடித்து, சொட்டச் சொட்ட நனைந்த சட்டையை அடுக்குமாடியின் பொதுப் படிக்கட்டுக் கைப்பிடியில் காயப்போட்டுவிட்டு, காய்கறிப் பையோடு மூச்சிரைக்க ஏறி வருகிறவர்களை ஈவிரக்கமில்லாமல் வழிமறித்து, பழகாத உடம்பு நெடுந்தூர ஓட்டத்தில் தன் தசையின் அமினோ அமிலத்தையே எரித்துத் தின்னும் என்றும், மாதக்கணக்கில் பயிற்சி பெற்ற உடம்போ கொழுப்பை எரிக்கக் கற்றுக்கொண்டு அமினோ அமிலத்தைக் கஞ்சன் காசைக் காப்பதுபோலக் காக்கும் என்றும் பாடம் எடுப்பவர் எவேலியோ ஒருவர்தான். முடிவில் தொடையைத் தட்டுவார்.

"இது கத்துக்கிட்ட உடம்புங்க!"

கற்றுக்கொண்ட உடம்புக்குச் சாப்பாடு எதற்கு? அரேப்பா என்கிற சோள ரொட்டி கிடையாது. உருளைக்கிழங்கு கிடையாது. காலையில் ஒரு கரண்டி புரதப் பொடி, அப்புறம் மலை.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்களேன்," என்பாள் மனைவி ஹில்மா.

"மாவுச்சத்தா? அதெல்லாம் உன்னை மாதிரி சும்மா இருக்கறவங்களுக்கு."

அந்தச் சும்மா இருக்கிறவள்தான் கடையைத் தனியாக நடத்திக்கொண்டிருந்தாள்.

இப்படியிருக்கையில் படிக்கட்டில் ஒரு நாற்றம் கிளம்பியது. மூக்கைத் துளைக்கும் பூனை மூத்திர நாற்றம். மூன்றாம் மாடியில் ஒதீலியா அம்மாள் என்ற விதவை, பிஷப் என்று பெயரிட்ட கிழட்டுப் பூனையோடு இருந்தாள். வீட்டில் பேச்சுத் துணைக்கு அது ஒன்றுதான். குற்றவாளியை வேறெங்காவது தேட வேண்டுமா? குடியிருப்போர் கூட்டம் கூடியது.

"மன்னிச்சுக்குங்கம்மா, பூனை போயாகணும்," என்றார் தலைவர் சவுல்.

"அது வாசலையே தாண்டறதில்லைங்க. வயசாயிடுச்சு அதுக்கு," என்று ஒதீலியா அழுதேவிட்டாள்.

எவேலியோவுக்கு உண்மை தெரியும். வெறும் வயிற்றோடு மலையேறினால் தசை அமினோ அமிலத்தை எரிக்கும். அதில் கழிகிற நைட்ரஜன் அம்மோனியாவாகி வியர்வையில் வீசும். சட்டையைக் கழற்றும்போதெல்லாம் வீசத்தான் செய்தது. தெரிந்தும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனைதானே?

அதோடு விட்டிருக்கலாம் சவுல். ஒரு வார்த்தை கூடப் பேசினார்.

"எல்லாம் அந்த மூத்திரத்துல இருக்கற கந்தகம் பண்ற வேலை."

கந்தகமா? எவேலியோ உதட்டைக் கடித்தார். நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். பூனையை நாடு கடத்தலாம், விதவையை அழ விடலாம்; தப்பான விஞ்ஞானத்தைக் காதில் வாங்கிக்கொண்டு உட்கார முடியுமா?

"கந்தகம் இல்லைங்க, அம்மோனியா! தசையில அமினோ அமிலம் எரியறதால வர்றது. பூனை என்ன பண்ணுச்சு பாவம்? என் சட்டையை மோந்து பாருங்க, தெரியும்!"

முதலில் பேசியவள் ஹில்மா.

"எரியுதா? காப்பாத்துதுன்னுல்ல சொன்னீங்க? அப்ப உங்க உடம்பு இன்னும் ஒண்ணும் கத்துக்கலையா?"

சிரிப்பில் கூரை அதிர்ந்தது. பூனையின் பழியைச் சுமந்ததுகூட எவேலியோவுக்கு வலிக்கவில்லை. பயிற்சி பெறாத உடம்பு என்ற பெயர்தான் குத்தியது. சிரிக்காதவள் ஒதீலியா மட்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"நான் அழுதப்பவே உங்களுக்கு உண்மை தெரியும், இல்லையா எவேலியோ?"

உடம்பின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் விளக்கம் வைத்திருந்தவர் மறுபடியும் கூரையைப் பார்த்தார்.

இப்போது அவர் உருளைக்கிழங்கு தின்றுவிட்டுத்தான் மலையேறுகிறார். நாற்றம் போய்விட்டது. ஒதீலியா அவரோடு பேசுவதில்லை. திருந்திவிட்டாரா என்கிறீர்களா? நேற்றுகூடப் படிக்கட்டில் ஒருவரை மடக்கி, உருளைக்கிழங்கு எப்படித் தசையைக் காக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். சரி, ஒன்று கேட்கிறேன். மேலே படிக்கும்போது, 'நைட்ரஜனில் பெரும்பகுதி யூரியாவாகிச் சிறுநீரில் அல்லவா போகும், இவருக்கு இதுகூடத் தெரியவில்லையே' என்று உங்கள் நாக்கு துடித்ததா? அந்தத் துடிப்பில் கிழவி அழுததை மறந்தீர்களா?