சீரகம் மிதந்த மழைமானி

“செவ்வாய், காலை 6.40. வானம் வெளுப்பு. மழை இல்லை. நாப்பது வந்து மன்னிப்புக் கேட்டார்.”

என் டைரியில் இப்படி ஒரு குறிப்பு இருக்கிறது. இதேபோல இன்னும் பல. மழை பெய்யாததற்காக வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்ட மனிதர் திண்டுக்கல்லில் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அவர் வளிமண்டல விஞ்ஞானி. வடக்கே ஓர் ஆய்வு நிறுவனத்திலிருந்து மூன்று பருவமழைக் காலங்களுக்கு வந்து, ஓய்வு பெற்ற பிலோமினா டீச்சர் வீட்டு மாடியில் குடியிருந்தார். காற்று, ஈரம், வெப்பம் எல்லாவற்றையும் கணக்காக்கி, கணினிக்குள் ஒரு பொய் வானத்தை ஓட்டி, நாளைக்கு எங்கே மழை என்று இன்றே பார்ப்பது அவர் வேலை. அந்தக் கணக்கு எங்கள் ஊரில் மட்டும் தப்பிக்கொண்டே இருந்தது. ஏன் என்று கண்டுபிடிக்க வந்தார். எதைக் கேட்டாலும் சதவீதத்தில் பதில் சொன்னதால் அவர் பெயர் நாப்பது. டீச்சர் சாப்பிடக் கூப்பிட்டால்கூட “எண்பது” என்பார்.

சாணார்பட்டியிலிருந்து எங்கள் தெருவுக்குச் சின்ன வெங்காயம் கொண்டுவரும் வெள்ளைச்சாமி ஒருநாள் கேட்டார்:

“வெங்காயத்தைப் பிடுங்கிக் காயப் போடலாமா சார்?”

“மழைக்கு நாப்பது சதவீதம் வாய்ப்பு.”

“அப்ப பாதிக் காட்டைப் பிடுங்கவா?”

“நாப்பதுன்னா பாதி இல்லீங்க. கொஞ்சம் கம்மி.”

வெள்ளைச்சாமி பாதிக்குக் கொஞ்சம் கம்மியாகப் பிடுங்கினார். எங்கள் தெருவில் தூறல்கூட இல்லை. சாணார்பட்டியில் பிடுங்கியது அத்தனையும் நனைந்தது. நாப்பது பஸ் ஏறிப் போய் மன்னிப்புக் கேட்டு, மாலை வரை வெங்காயம் பரப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

தெருவில் ஆறு மொட்டை மாடிகளில் மழைமானி வைத்திருந்தார். புனல் செருகிய நீண்ட குழாய், அவ்வளவுதான். தினமும் காலையில் நோட்டோடு ஏறி அளப்பார். கணினி மழை என்று சொல்லிக் குழாய் காலியாக இருந்தால், அந்த வீட்டாரிடம், “என் தப்புதாம்மா, மேகத்து மேல தப்பில்லை” என்பார். அன்று முழுக்கப் பட்டினி.

“மழை பேயலேன்னா மனுசன் சோறு திங்க மாட்டேங்குறாரே” என்று டீச்சர் என் மனைவியிடம் புலம்பினார்.

இரண்டாம் ஆண்டிலிருந்து கணக்கு அற்புதமாக ஒத்துவந்தது. அவர் மழை என்றால், ஆறில் மூன்று மாடிகளிலாவது பெய்துவிடும். இந்தத் தெருவில் வருவது போல வேறெங்கும் சரியாக வரவில்லை என்று கட்டுரை எழுத ஆரம்பித்தார். என் டைரியில் அந்த நாட்களுக்கெல்லாம் ‘மழை இல்லை’ என்றுதான் இருந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மூன்றாம் ஆண்டு ஒரு காலை, குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தவர் கீழே குரல் கொடுத்தார்.

“டீச்சர், மழையில சீரகம் மிதக்குது.”

“எந்த அடுப்படி வழியா வந்த மேகமோ சார்.”

அவர் சிரிக்கவில்லை. “எத்தனை நாளா ஊத்துறீங்க?”

“அதை யாரு எண்ணுனா? நீங்க சாப்டாச் சரின்னு இருந்தோம். நான் மட்டுமா, தெருவே ஊத்துச்சு.”

“அடுத்த வாரம் கட்டுரை போகணும் டீச்சர். எது மழை, எது செம்புத் தண்ணின்னு தெரியலேன்னா மூணு வருச வேலையும் குப்பை.”

டீச்சர் முகம் செத்துவிட்டது. அவரே நாப்பதைக் கையோடு என் வீட்டுக்குக் கூட்டிவந்தார். “இவுக தும்முனாக்கூடத் தேதி போட்டு எழுதுறவுக. கேளுங்க.”

நான்கு மாலைகள் உட்கார்ந்தோம். நான் ‘மழை இல்லை’ என்று வாசிக்க வாசிக்க, அவர் நோட்டில் சிவப்பு மையால் அடித்தார். ஒத்துவந்த நாட்களில் பெரும்பகுதி போய்விட்டது. நான்காம் மாலை பேனாவைக் கீழே வைத்தார்.

“தப்பு எல்லாமே கிழக்குக் காத்து அடிச்ச நாள்ல வருது. நமக்குக் கிழக்கால நிக்குற சிறுமலையை என் கணினி தேச்சுத் தட்டையாக்கி வச்சிருக்கு. நிஜ மலை மேகத்தை அந்தப் பக்கமே இறக்கிடுது. வெள்ளைச்சாமி நனைஞ்சாரு, நாம நனையலை.”

“கட்டுரை போகுமா?”

“நூறு சதவீதம்.” அவர் வாயால் அந்த எண்ணை அன்றுதான் கேட்டேன்.

வேறொரு கட்டுரையாக அது போனது. அவரும் ஊரைவிட்டுப் போனார். ஒரே ஒரு நாள் மட்டும் தீராமல் நின்றது. எங்கள் மாடி மழைமானியில் அன்று ஏழு மில்லிமீட்டர். நான் எரியோட்டில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். டைரியில் அந்தப் பக்கம் காலி. மனைவியிடம் பலமுறை கேட்டுவிட்டேன். போன வாரமும் கேட்டேன்.

“பேஞ்சிருந்தா என்ன, ஊத்தியிருந்தா என்ன? அன்னைக்கு அவரு ரெண்டு தோசை சேத்துச் சாப்டாரு.”

ஏழு மில்லிமீட்டர். இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.