சண்டைத் தூளும் ஒரு மூட்டை உப்பும்

ஒரு காட்டில் குளம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதிலும் சிங்கராஜா தன் குகைக்குச் சிவப்புச் சாயம் பூசிவிட்டு வாளியைக் கழுவித் தொலைத்தார். அந்தத் தண்ணீரைக் குடித்த குட்டிகளெல்லாம் சுருண்டு படுத்தன. உருட்டுவதில் பேர்போன சாணிவண்டு செங்கம்மாளின் பிள்ளைகளும் படுத்துவிட்டன.

பெற்றவள் எங்கெங்கோ அலைந்து, கண்ணுக்கே தெரியாத இரும்புத் தூளைக் கொண்டுவந்து குளத்தில் கலக்கினாள்.

காட்டுச் சமாதானக் குழுவின் தலைவர் நரியார் எட்டிப் பார்த்தார். "உள்ளே என்னம்மா நடக்குது?"

"சண்டைங்கய்யா. இந்தத் துகளுங்களுக்கு ஒண்ணைக் கண்டா ஒண்ணுக்கு ஆகாது. ஆனா விட்டுப் பிரியவும் மனசு வராது. ஒட்டி ஒட்டி உருண்டையாகும். கொஞ்சம் பெருத்ததும் எல்லாம் ஒண்ணா சேர்ந்து, புதுசா வர்றதை விரட்டிடும். அதனால எல்லா உருண்டையும் ஒரே அளவு."

"அதுல என்ன லாபம்?"

"பொரி உருண்டை மாதிரி உள்ளே சந்து சந்தா இருக்கும். சாயம் அதுல போய் ஒட்டிக்கும். தனித் தூள் காந்தத்துக்கு லேசில வராது, உருண்டையானா ஓடி வரும். சாயத்தோட வெளியே எடுத்துட்டா தண்ணி தெளிஞ்சிடும்யா."

நரியார் காதில் சண்டை என்பது மட்டும்தான் விழுந்தது. யார் சண்டையிட்டாலும் நாக்கில் உப்பு வைத்துச் சமாதானம் செய்வது அந்தக் காட்டு வழக்கம். செங்கம்மாள் காந்தம் எடுத்துவரப் போன நேரத்தில், அவர் ஒரு மூட்டை உப்பைக் குளத்தில் கவிழ்த்தார்.

உப்பு பட்டதும் துகள்களின் முறைப்பு அடங்கியது. விரட்ட ஆளில்லாததால் எங்கே நிறுத்துவது என்றும் தெரியவில்லை. எல்லாம் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு, சந்தெல்லாம் அடைபட்டு, ஒரே பெரிய கட்டியாகி அடியில் போய் உட்கார்ந்தன. தண்ணீர் அதே சிவப்பில் இருந்தது.

சிங்கராஜா பூரித்துப் போனார். கட்டியை வெளியே எடுத்து, மேடை போட்டு, மாலை சாத்தி, 'ஒற்றுமைச் சின்னம்' என்று பெயரும் சூட்டினார். கைத்தட்டல் காதைப் பிளந்தது.

"ராசா, தண்ணி தெளியலையே! எம் புள்ளைங்க..." என்று செங்கம்மாள் கதறினாள்.

"பாத்தீங்களா, மறுபடியும் சண்டைக்கு வர்றா" என்றார் நரியார், மிகுந்த வருத்தத்தோடு.

வழக்கப்படி அவள் நாக்கில் உப்பு வைத்தார்கள். வண்டின் நாக்குக்கு ஒரு கல்லே அதிகம்; வைத்ததோ ஒரு பிடி. அவள் சமாதானமாகிவிட்டாள். பிறகு தாகம் தாங்காமல் நேரே அந்தக் குளத்துக்கே போய்க் குடித்தாள்.

நீதி: ஒற்றுமை விழாவுக்குப் போகிறவர்கள் குடிதண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுபோகவும்.