ஒன்றும் சொல்லாதவர்களின் திருப்தி

உலகத்தில் அளவுக்காரர்கள் பலர். துணி அளப்பவர், நிலம் அளப்பவர், அடுத்த வீட்டுக்கு வந்திறங்கும் மெத்தையைக் கண்ணாலேயே அளப்பவர். இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட ஓர் இனம் கிளம்பியிருக்கிறது. வாயே திறக்காதவர்களின் மனநிறைவை அளப்பவர்கள். பார்த்ததில்லையா? என் சகலைக்கு ஒன்றுவிட்ட தம்பி இருக்கிறார், என் கல்யாணத்தில் மூக்கொழுக நின்ற பிள்ளை, அவரையே பாருங்கள்.

இணையத்தில் நாம் எதையாவது தேடுகிறோமே, அதை நடத்தும் அலுவலகத்தில் அவருக்கு வேலை. முன்பு சுலபம். வந்த முடிவுகளில் ஒன்றைத் தொட்டால் ஆள் திருப்தி, தொடாவிட்டால் இல்லை. இப்போதோ பதில் உச்சியிலேயே கொட்டை எழுத்தில் வந்துவிடுகிறது. கேட்டவர் பார்க்கிறார், எதையும் தொடாமல் போய்விடுகிறார். பதில் கிடைத்துப் போனாரா, வெறுத்துப் போனாரா? மேலாளர் குடைந்த குடைச்சலில், திரையில் விரல் எத்தனை விநாடி நின்றது, எவ்வளவு தூரம் தள்ளியது என்றெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் நம்மவர் ஒரு விதி கண்டார்: அதையே வேறு வார்த்தையில் திரும்பக் கேட்டால் அதிருப்தி, கேட்பதை நிறுத்திவிட்டால் பரம திருப்தி.

அலுவலகமே கைதட்டியது. விதியை வீட்டுக்கும் கொண்டுவந்தார். வந்தது வினை.

திங்களன்று, குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்றாள் மனைவி. இவர் 'ம்' என்றார். செவ்வாய், வாளி நிறைந்து வழிகிறது என்றாள். 'ம்'. புதன், ஓர் எட்டு வந்துதான் பாருங்களேன் என்றாள். அதற்கும் 'ம்'தான், கொஞ்சம் நீளமாக. வியாழன் பேச்சே இல்லை. நம்மவருக்கு உள்ளம் குளிர்ந்தது.

வெள்ளி மாலை வீட்டுக்கு வந்தால் ஒழுகும் சத்தமும் இல்லை. தன் விதியை மெச்சிக்கொண்டு நிற்கையில், கையில் ஸ்பேனரோடு குளியலறையிலிருந்து வெளியே வந்தான் மச்சினன்.

"அக்கா பெட்டியோட எங்க வீட்டுக்கு வந்துட்டா அத்தான். குழாயை மட்டும் சரி பண்ணிட்டு வரச் சொன்னா."

மூன்று தடவை போன் போட்டார். எடுக்கவில்லை. பழக்கதோஷம், எத்தனை விநாடி அடித்தது என்று மனதுக்குள் எண்ணினார். பிறகு மெல்லக் கேட்டார்: "வந்தப்போ கோபமா இருந்தாளா, நிம்மதியா இருந்தாளா?"

"அதுகூட உங்களுக்குத் தெரியலைன்னுதானே கிளம்பியிருக்கா."

நம்மவர் செருப்பைக் கால்மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார், ஆயுசில் முதல் தடவையாக அவளிடமே வாய் திறந்து கேட்க.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டிலும் கொஞ்ச நாளாக யாரும் உங்களிடம் எதுவும் கேட்பதில்லை, எல்லாம் சுமுகம் என்று உட்கார்ந்திருந்தால், எழுந்து போய் அலமாரிமேல் பெட்டி இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.