அடுத்த வருஷ விவசாயி

அன்புள்ள தங்கைக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? இங்கே உன் அண்ணி நலம். மூன்றாம் மாடியில் அடைந்து கிடப்பவன் எவ்வளவு நலமாக இருக்க முடியுமோ, அவ்வளவு நலமாக நானும் இருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் இருவர் பேரிலும் இருக்கிற நான்கு ஏக்கரைப் பத்து வருஷத்துக்கு எழுதித் தரச் சொல்லி, குத்தகைக்கார அம்மா உன்னிடமும் கேட்டாராமே. கையெழுத்துக் கிய்யெழுத்துப் போட்டுவிடாதே! அப்பா போனதிலிருந்து பதினோரு வருஷமாக, ஒவ்வொரு வருஷமாகத்தான் எழுதித் தருகிறேன். ஏன்? அடுத்த வருஷம் நானே இறங்கி விவசாயம் செய்யப் போகிறேன். மண்வெட்டி வாங்கி பால்கனியில் வைத்து ஞாயிறு தவறாமல் எண்ணெய் தடவி வருகிறேன். உன் அண்ணி அதன்மேல் தரை துடைக்கும் துணியைக் காயப்போடுகிறாள்.

போன மாதம் வேளாண்மை அலுவலகத்தில், நிலச் சொந்தக்காரர்கள் மண்ணைக் காப்பது எப்படி என்று ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து அரை நோட்டு எழுதினேன். மறுநாளே பஸ் பிடித்து நிலத்துக்குப் போய், அந்த அம்மாவை வெயிலில் நிற்க வைத்து, மண்ணரிப்பைப் பற்றி முக்கால் மணி நேரம் பாடம் நடத்தினேன். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு எனக்குச் சாப்பாடு எடுத்துவரப் போனார். என்னால் சும்மா இருக்க முடியுமா? சரிவுப் பக்கத்து வரப்பு முழுக்க முழங்கால் உயரத்துக்குக் களை. பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ஒன்று விடாமல் பிடுங்கிப் போட்டேன். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக என் நகத்துக்குள் நம் மண்.

அந்த அம்மா திரும்பி வந்து பார்த்தார். தூக்குவாளியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"சார், அது களை இல்ல. மண்ணு அரிச்சுட்டுப் போகக் கூடாதுன்னு நான் நட்ட புல்லு. ரெண்டு வருஷமா குடத்துல தண்ணி தூக்கி ஊத்தி வளத்தேன்."

"வருஷக் குத்தகைக்கு எதுக்கும்மா இந்த வேலை?"

"அதான் ஒரு வரப்போட நிறுத்திட்டேன். அடுத்த வருஷம் இருப்பேனான்னே தெரியாம மத்ததுக்கு எப்படி நடுறது? நீங்க வரவும் மாட்டேங்கறீங்க, விடவும் மாட்டேங்கறீங்க."

என்ன வாய் பார்த்தாயா! நாலாம் நாள் மழை கொட்டியது. வரப்பு உடைந்து, அந்தப் பக்கத்து மேல்மண் ஓடையோடு போய்விட்டதாக போன் வந்தது. அவர் திட்டவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முப்பது வருஷம் வீடுவீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவன் நான். சொந்த நிலத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியவில்லை.

இருந்தாலும் சொல்கிறேன், கையெழுத்துப் போடாதே. பத்து வருஷம் போனால் எனக்கு எழுபத்தெட்டு. இப்போதே மாடிப்படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துதான் ஏறுகிறேன். ஒரே ஒரு தடவையாவது அந்த மண்ணில் என் கையால் விதைத்து, முளைத்து வருவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று ஏக்கமாக இருக்கிறது. எனக்கு வேறு ஆசையே இல்லை.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. உன் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், நினைத்ததை நினைத்த வயதிலேயே செய்து, நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: இதை எழுதி ஒன்பது நாளாகிறது, தபாலில் போட மனம் வரவில்லை. நேற்று நிலத்துக்குப் போய் உடைந்த வரப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். இத்துடன் இருப்பது பத்து வருஷக் குத்தகைப் பத்திரம். நான் கையெழுத்துப் போட்டாயிற்று, பென்சிலில் குறித்த இடத்தில் நீயும் போட்டு அனுப்பு. கடைசி நிபந்தனை அந்த அம்மா சொல்லிச் சேர்த்தது: நாலு வரப்பிலும் புல் நடும்போது சாரும் கூட வந்து நட வேண்டும், எதையும் பிடுங்கக் கூடாது. மண்வெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். துணி காயப்போட இடமில்லை என்று உன் அண்ணி சத்தம் போடுகிறாள்.